கோப்பைக் காசில் வாழும் பாட்டு: கிளாஸ்கோ நகரத்து இரவுகள்

நம் நாட்டு ரயில் பாதைகளில் ஓடி ஓய்ந்த பழைய நீராவி என்ஜின்களை அருகில் சென்று பார்த்தவர்களுக்கு ஒரு பெயர் நினைவிருக்கும். பக்கவாட்டில் பதித்த தகட்டில் "நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி, கிளாஸ்கோ" என்று பொறித்திருக்கும். 1903-ம் ஆண்டு தொடங்கிய அந்தக் கம்பெனி, பல நாடுகளுக்கு என்ஜின் செய்து அனுப்பிவிட்டு 1962-ம் ஆண்டு மூடப்பட்டது. கிளைடு நதிக்கரையில் வரிசையாக இருந்த கப்பல் கட்டும் தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன.

என்ஜினும் கப்பலும் போன பிறகு ஸ்காட்லாந்தின் அந்தப் பெரிய நகரத்துக்கு மிஞ்சியது என்ன? ஒன்று, ஐந்நூறு ஆண்டுப் பழக்கமான விஸ்கி. மற்றொன்று, அந்த விஸ்கி விற்கும் கடைகளின் பின்னறையிலும் நிலவறையிலும் பிறந்த புதிய பாட்டு. 2008-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் கிளாஸ்கோவை "இசை நகரம்" என்று அறிவித்தது. நம் ஊரில் மேளமும் நாயனமும் போல, அந்த ஊரில் கிதாரும் கோப்பையும் ஒன்றாகவே பேசப்படுகின்றன.

ஆனால் இந்த உறவு அவ்வளவு சுகமானதல்ல. கோப்பை விற்ற காசில்தான் அங்கே சின்னப் பாடகன் மேடை ஏறுகிறான். அதே கோப்பையால் ஸ்காட்லாந்தில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

உயிர்த் தண்ணீர்

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் விஸ்கிக்குப் பெயர் "உயிர்த் தண்ணீர்". 1494-ம் ஆண்டு அரசாங்கக் கணக்கேட்டில் ஜான் கார் என்ற துறவிக்கு "உயிர்த் தண்ணீர்" காய்ச்சுவதற்காக எட்டு "போல்" முளைத் தானியம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. விஸ்கியைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று இதுவே என்பார்கள்.

செய்முறை கேட்பதற்கு எளிது. பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். பிறகு உலர்த்துவார்கள். சில ஆலைகளில், சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த "பீட்" என்னும் மக்கிய மண்ணை எரித்து, அந்தப் புகையில் உலர்த்துவது வழக்கம். புகை வாசனை வருவது அதனால்தான். பிறகு அரைத்து, வெந்நீரில் கலக்கி, ஈஸ்டு போட்டுப் புளிக்கவைத்து, செப்புக் கொப்பரைகளில் பொதுவாக இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள்.

வேலை இத்துடன் முடிந்துவிடாது. உண்மையில் இனிமேல்தான் தொடக்கம். வடித்ததை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றிக் குறைந்தது மூன்று ஆண்டு ஸ்காட்லாந்திலேயே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு "ஸ்காட்ச்" என்ற பெயரே கிடையாது. இது சட்டம். நல்ல சரக்குகள் பத்து, பன்னிரண்டு, பதினெட்டு ஆண்டு என்று காத்துக் கிடக்கின்றன. ஆண்டுக்கு நூற்றுக்கு சுமார் இரண்டு பங்கு காற்றோடு போய்விடுகிறது. அதை "தேவதைகளின் பங்கு" என்கிறார்கள்.

இன்று ஸ்காட்லாந்தில் சுமார் 150 விஸ்கி ஆலைகள் உள்ளன. 2024-ம் ஆண்டு மட்டும் 540 கோடி பவுன் மதிப்புள்ள விஸ்கி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி ஆயிற்று.

கலால் அதிகாரியும் பாட்டும்

விஸ்கிக்கும் பாட்டுக்கும் உள்ள சொந்தம் நேற்று முளைத்ததல்ல. ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ், கிராமங்களில் வழங்கிய நூற்றுக்கணக்கான பாடல்களைத் தேடித் திரட்டியவர். வயிற்றுப் பிழைப்புக்கு அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? 1789-ம் ஆண்டிலிருந்து கலால் அதிகாரி! திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்களைத் தேடிக் குதிரையில் அலைவது அவர் உத்தியோகம். அப்படிப்பட்டவர், கலால்காரனைப் பிசாசு தூக்கிக்கொண்டு போனதும் ஊரே கூத்தாடியது என்று ஒரு பாட்டும் எழுதி வைத்தார்! தன் வேலையைத் தானே கேலி செய்துகொண்ட அந்தக் கவி 1796-ம் ஆண்டு 37-வது வயதில் இறந்தார். ஆண்டுதோறும் ஜனவரி 25-ந் தேதி அவர் பிறந்த நாளை விருந்தும் விஸ்கியும் பாட்டுமாக ஸ்காட்லாந்து மக்கள் கொண்டாடுகிறார்கள்.

வரி என்றால் அந்த மக்களுக்கு எப்போதும் கசப்புதான். 1725-ம் ஆண்டு முளைத் தானியத்துக்கு வரி போட்டபோது கிளாஸ்கோவில் பெரிய கலகமே மூண்டது. வரியை ஆதரித்த பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டைக் கூட்டம் சூறையாடியது. 1823-ம் ஆண்டுச் சட்டம் வரியைக் குறைத்து, 10 பவுன் கட்டினால் லைசென்சு என்று ஆக்கிய பிறகே திருட்டுக் கொப்பரைகள் அடங்கி, ஆலைகள் பெருகின.

கிளாஸ்கோவில் வில்லியம் டீச்சர் என்பவர் விஸ்கிக் கடைகள் வரிசையாக நடத்தினார். நம் ஊர்க் கடைகளில் இன்றும் காணப்படும் "டீச்சர்ஸ்" பாட்டில் அவர் பெயரில் வந்ததே. அவர் கடைகளில் இரண்டு காரியங்கள் கூடாது. ஒன்று, புகை பிடித்தல். இன்னொன்று, ஒருவர் மற்றவருக்கு மது வாங்கிக் கொடுத்தல். நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு சுற்று வாங்கியாக வேண்டும், நாலு சுற்று முடிந்தால்தான் எழுந்திருக்க முடியும் என்ற நிலையை அந்த வியாபாரி நன்றாக அறிந்திருந்தார் போலும்!

அரையும் அரையும்

கிளாஸ்கோ தொழிலாளியின் வழக்கமான குடி "அரையும் அரையும்" எனப்படும். ஒரு சின்ன அளவு விஸ்கி, பக்கத்தில் அரை பைண்டு பீர். கப்பல் தளத்தில் சங்கு ஊதியதும் நேரே கடைக்குப் போய் இதை ஊற்றிக்கொண்டு வீடு திரும்புவது தலைமுறை தலைமுறையாக நடந்தது. சம்பள நாளில் கணவன் வீடு வருமுன் மனைவி வாசலில் வந்து நிற்பது அந்த ஊர் மக்கள் சொல்லும் பழங்கதை. கோலார் தங்கவயலிலும் பின்னி மில் வாசலிலும் சம்பள நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1853-ம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் செய்தது. பிற்காலத்தில் இரவு பத்து மணிக்குக் கடை அடைக்க வேண்டும் என்றாயிற்று. பலன் என்ன? ஒன்பதரை மணிக்கு மேல் ஒரே அவசரம்! இரண்டு மணி நேரத்தில் குடிக்க வேண்டியதை அரை மணியில் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தார்கள். அப்படிப்பட்ட கடையில் பாட்டு கேட்க யாருக்குப் பொறுமை?

1976-ம் ஆண்டு லைசென்சு சட்டம் இதை மாற்றியது. கடைகள் பதினொரு மணி வரை திறந்திருக்கலாம், ஞாயிற்றுக்கிழமையும் திறக்கலாம் என்று வந்தது. ஆற அமர உட்கார நேரம் கிடைத்தது. வந்தவனைக் கடையில் தங்க வைக்க வேண்டுமானால் ஏதாவது வேடிக்கை வேண்டும் அல்லவா? பின்னறையில் ஒரு சிறு மேடை, ஒரு ஒலிபெருக்கி, நாலு வாலிபர்கள். இந்த ஏற்பாடு கடைக்காரருக்கும் லாபம், வாலிபர்களுக்கும் லாபம்.

சுயேச்சைக் குழுக்கள்

இந்த வாலிபர்களின் இசைக்குத்தான் "இண்டீ" என்று பெயர். "இண்டிபென்டென்ட்" என்ற சொல்லின் சுருக்கம். தேர்தலில் கட்சி சின்னம் இல்லாமல் நிற்கும் சுயேச்சை வேட்பாளரை நாம் அறிவோம். அதுபோல, லண்டனில் உள்ள பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவு இல்லாமல், தாமே பாட்டெழுதி, தாமே பதிவு செய்து, தாமே தட்டு வெளியிட்டு விற்கும் குழுக்கள் இவை.

தொடக்கத்தில் கிளாஸ்கோ நகர சபைக்கே இந்த வாலிபர்களைப் பிடிக்கவில்லை. 1977-ம் ஆண்டு "பங்க்" என்ற முரட்டு இசை பரவியபோது, நகரத்தின் பெரிய அரங்குகளில் அதற்கு இடம் கிடைக்காமல் போயிற்று. பையன்கள் ரயில் ஏறிப் பக்கத்து ஊரான பெய்ஸ்லிக்குப் போய் மதுக்கடை மேடையில் வாசித்தார்கள். பெரிய அரங்கம் கதவடைத்தபோது கைகொடுத்தது மதுக்கடைதான். இதை அந்த ஊர் இசைக்காரர்கள் மறக்கவில்லை.

1980-ம் ஆண்டு ஆலன் ஹார்ன் என்ற இளைஞர் மேற்கு பிரின்சஸ் தெருவில் தம்முடைய வீட்டையே ஆபீசாக்கி "போஸ்ட்கார்டு" என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். "ஆரஞ்சு ஜூஸ்" போன்ற குழுக்கள் அதில் தட்டு வெளியிட்டன. நிறுவனம் நீடித்தது சில ஆண்டுகளே. ஆனாலும் லண்டனுக்குப் போகாமலே தட்டு வெளியிட முடியும் என்று அது காட்டிவிட்டது.

வேலையில்லாத இசைக்காரர்களுக்காக ஸ்டோ கல்லூரியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்து வந்தது. நீண்ட நோயினால் வேலைக்குப் போக முடியாமல் இருந்த ஸ்டூவர்ட் மர்டாக் என்ற இளைஞர் அங்கே இன்னொரு இளைஞரைச் சந்தித்தார். அதில் பிறந்தது "பெல் அண்ட் செபாஸ்டியன்" குழு. 1996-ம் ஆண்டு அந்தக் கல்லூரியின் சொந்த இசைத்தட்டுப் பிரிவு அவர்களுடைய முதல் தட்டை ஆயிரமே ஆயிரம் பிரதி போட்டது. இன்று உலகம் முழுவதும் அந்தக் குழுவுக்கு ரசிகர்கள் உண்டு. மர்டாக் அப்போது ஒரு தேவாலயக் கூடத்தில் காவல் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தார் என்பது கூடுதல் செய்தி.

"மொக்வாய்" என்ற குழுவின் கதை விஸ்கிப் பீப்பாயின் கதை போன்றது. 1995-ம் ஆண்டு தொடங்கினார்கள். பெரும்பாலும் வார்த்தையே இல்லாத வாத்திய இசை. ஊர் ஊராகச் சின்ன அரங்குகளில் வாசித்து, 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர்களது இசைத்தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. சுமார் இருபத்தைந்து ஆண்டு! அவ்வளவு காலமும் அந்தக் குழு உயிரோடு இருந்ததற்குச் சின்ன அரங்குகளும் ஒரு காரணம்.

முன்னாள் ரயில்வே குமாஸ்தா

கிளாஸ்கோவின் செயின்ட் வின்சென்ட் தெருவில் "கிங் டட்ஸ் வா வா ஹட்" என்று வேடிக்கையான பெயருடன் ஒரு மதுக்கடை உண்டு. 1990-ம் ஆண்டு திறந்தது. மாடியில் உள்ள அரங்கில் 300 பேர் நிற்கலாம். அங்கே வாசித்த குழுக்களின் பெயர்களை ஆண்டுவாரியாகப் படிக்கட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1993-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி இரவு அங்கே ஆலன் மெக்கீ என்பவர் வந்தார். கிளாஸ்கோவில் பிறந்தவர். அதிகம் படிக்காமல் பிரிட்டிஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். குமாஸ்தாச் சம்பளத்தில் லண்டனில் வாழ்ந்துகொண்டே 1983-ம் ஆண்டு நண்பர்களோடு "கிரியேஷன்" என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ரயில்வே லெட்ஜரோடு மாரடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு!

அன்றைய நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒரு குழு மான்செஸ்டரிலிருந்து வந்து நாலு பாட்டுக்கு இடம் கேட்டு வாங்கியது. பார்த்தவர்கள் மிகச் சிலரே. மெக்கீ அங்கேயே அவர்களைத் தம் நிறுவனத்தில் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார். அந்தக் குழுதான் "ஒயாசிஸ்". அடுத்த ஆண்டே அவர்களுடைய முதல் இசைத்தட்டு பிரிட்டனைக் கலக்கியது.

முந்நூறு பேர் நிற்கும் ஒரு மதுக்கடை மாடி இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? சின்ன அரங்கின் பெருமையைச் சொல்ல கிளாஸ்கோ மக்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்த இரவைத்தான்.

தேவாலயத்தில் விஸ்கி

விஸ்கியும் இசையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் பயர்ஸ் சாலையின் உச்சியில் உள்ள "ஓரான் மோர்" என்ற கட்டிடத்துக்குப் போக வேண்டும். பெயருக்குக் கேலிக் மொழியில் "பெரிய பாட்டு" என்று பொருள். முன்னர் இது ஒரு தேவாலயம். 2004-ம் ஆண்டு கலை மன்றமாக மாறியது. நூற்றுக்கணக்கான மால்ட் விஸ்கிகள் அடுக்கிய பார் ஒருபுறம். கீழே நிலவறையில் பாட்டுக் கச்சேரி. மேலே கூடத்தின் கூரை முழுவதும் எழுத்தாளரும் ஓவியருமான அலஸ்டேர் கிரே தீட்டிய நட்சத்திர வானம். பகலில் "ஒரு நாடகம், ஒரு பை, ஒரு பைண்டு" என்ற திட்டம் நடக்கிறது. நாடகம் பார்க்க வாங்கும் டிக்கெட்டிலேயே ஒரு பை பலகாரமும் ஒரு கிளாஸ் பானமும் சேர்த்தி!

உண்மையைச் சொல்வதானால், பாட்டு நடக்கும்போது வாலிபர் கையில் இருப்பது பெரும்பாலும் பீர் தான். 1994 முதல் 2016 வரை நடந்த "டி இன் தி பார்க்" என்ற பெரிய திறந்தவெளி இசை விழாவுக்குப் பணம் போட்டதும் கிளாஸ்கோவின் டென்னண்ட்ஸ் பீர் கம்பெனியே. விஸ்கி தாத்தாக்களின் பானம் என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. அதைப் போக்கத்தான் ஆலைக்காரர்களும் இசையைத் தேடி வந்தார்கள்.

மேற்குக் கடலில் ஐலா என்று ஒரு தீவு. எழுத்தில் "இஸ்லே" போல இருந்தாலும் உச்சரிப்பு ஐலாதான். மக்கள்தொகை சுமார் 3,000. புகை வாசனை விஸ்கிக்குப் பேர்போன இடம். அழிந்து வரும் கேலிக் மொழியையும் பாட்டையும் காப்பதற்காக 1980-களில் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். பிறகு விஸ்கி ஆலைகளும் சேர்ந்துகொண்டன. இன்று மே மாதக் கடைசியில் ஆலைக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, முற்றத்தில் பாட்டுக் கச்சேரியும் புதுப் பாட்டில் விற்பனையும் நடக்கின்றன. கப்பலில் இடம் கிடைக்காத கூட்டம். மொழிக்காக எழுந்த விழா மதுவால் வளர்ந்தது என்று சிலர் மகிழ்கிறார்கள். மது வந்து மொழியை மறைத்துவிட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ரயில் நிலையத்துக்கு அடியில்

சின்ன அரங்கின் வரவு செலவைக் கொஞ்சம் பார்ப்போம். டிக்கெட் பணத்தில் குழுவுக்குக் கூலி, ஒலிபெருக்கிக்காரர், வாசல் காவலர், விளம்பரம் எல்லாம் கொடுத்தால் பெரும்பாலான நாட்களில் கையைக் கடிக்கும். அந்த ஓட்டையை அடைப்பது பார் வருமானம். கோப்பை விற்றால் பாட்டு. கோப்பை நின்றால் பாட்டும் நிற்கும்.

இதற்கு ஓர் உதாரணம் கிளாஸ்கோ சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. தண்டவாளங்களைத் தாங்கி நிற்கும் செங்கல் வளைவுகளுக்குள் 1991-ம் ஆண்டு "ஆர்ச்சஸ்" என்ற கலை மன்றம் திறந்தது. மேலே ரயில், கீழே நாடகம், இசை, நடனம். இரவு நடன நிகழ்ச்சிகளிலும் பாரிலும் வந்த பணத்தை எடுத்துப் புது நாடகக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். போதைப் பொருள் நடமாட்டம் பற்றிப் போலீசார் புகார் கூற, 2015-ம் ஆண்டு லைசென்சு போர்டு நள்ளிரவோடு கடையை மூட உத்தரவிட்டது. வருமானத்தில் பாதிக்கு மேல் போயிற்று. சில வாரங்களில் மன்றமே மூடிவிட்டது. நடனக்காரர்களோடு, நடனமே ஆடாத நாடகக்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

போலீசார் சொன்னதும் உயிர் பற்றிய கவலைதான். கலைஞர்கள் சொன்னதும் பிழைப்பு பற்றிய கவலைதான். இன்று அந்த வளைவுகளில் சாப்பாட்டுக் கடைகள் நடக்கின்றன.

மற்றொரு அடி 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் விழுந்தது. புகழ்பெற்ற கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியில் பற்றிய தீ, பக்கத்தில் இருந்த ஏ.பி.சி. என்ற இசை அரங்கத்தையும் பிடித்துக்கொண்டது. பிறகு கொரோனா வந்தது. 2023-ம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 125 சின்ன அரங்குகளில் பாட்டு நின்றுபோனதாக அந்த அரங்குகளின் அறக்கட்டளை கணக்குச் சொல்லியது.

கணக்கின் மறுபக்கம்

கோப்பையின் புண்ணியத்தைப் பார்த்தோம். பாவத்தையும் பார்க்க வேண்டும். 2023-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் மதுவினால் நேரடியாக இறந்தவர்கள் 1,277 பேர். அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான். பெங்களூர் நகரத்தில் பாதிகூட இல்லை.

இதைத் தடுக்க ஸ்காட்லாந்து பாராளுமன்றம் 2012-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. மதுவின் வீரியத்துக்கு ஏற்பக் குறைந்தபட்ச விலை. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஐந்து ஆண்டு வழக்கு. 2017-ம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட்டு அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2018 மே 1-ந் தேதி முதல் சட்டம் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 50 பென்ஸ். 2024 செப்டம்பரில் 65 பென்ஸ் ஆயிற்று. இந்தக் கணக்கில் 40 சதவீத வீரியமுள்ள 700 மில்லி விஸ்கி பாட்டிலை 18 பவுன் 20 பென்சுக்குக் குறைவாக விற்க முடியாது.

அருமையான மால்ட் விஸ்கிக்கு இந்தச் சட்டத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. அதன் விலை எப்போதும் அதற்கு மேல்தான். அடிபட்டது மலிவுச் சரக்கு. சட்டம் சில உயிர்களைக் காப்பாற்றியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஏற்கெனவே அடிமையாகிவிட்ட ஏழை, சாப்பாட்டைக் குறைத்துக் குடிக்கிறான் என்ற கவலையும் கூடவே சொல்லப்படுகிறது.

மேடைக்காரர்களும் தப்பவில்லை. இசைக்காரனுக்குப் பல இடங்களில் கூலியின் ஒரு பகுதியே இலவச மதுவாக வருகிறது. வேலை செய்யும் இடமே மதுக்கடை; வேலை நேரமே குடி நேரம். ஒயாசிஸ் குழுவைக் கண்டுபிடித்த ஆலன் மெக்கீயே, அந்தக் குழு புகழ் ஏறிய 1994-ம் ஆண்டில் போதைப் பழக்கத்தால் உடைந்து விழுந்து, சிகிச்சை பெற்று மீண்டார். அதன் பிறகு தெளிந்த மனிதராக வாழ்வதாக அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வெற்றி வந்த வீட்டு வாசலிலேயே ஆபத்தும் காத்திருந்தது.

பெங்களூர் சம்பந்தம்

இந்தக் கதையில் நம் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. மைசூர் சாலையில் கெங்கேரியைத் தாண்டினால் கம்பிபுராவில் அம்ருத் மது ஆலை இருக்கிறது. 1948-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி. இந்தியாவில் செய்த மால்ட் விஸ்கியை உலகத்துக்கு அறிமுகப்படுத்த அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் எது தெரியுமா? கிளாஸ்கோ! 2004-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அந்த ஊரின் "கபே இந்தியா" ஓட்டலில் அறிமுக விழா நடந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் ஊசி விற்றுவிட்டது! 2010-ம் ஆண்டுக்கான பிரபல விஸ்கிக் கையேட்டில் அம்ருத்தின் ஒரு ரகம் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று இடம் பெற்றது.

பெங்களூரின் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு காற்றில் போய்விடுகிறது. ஸ்காட்லாந்தில் இரண்டு பங்குதான் என்று முன்னரே சொன்னோம். நம் ஊர்த் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்! அதனால் இங்கே நாலைந்து ஆண்டிலேயே சரக்கு முதிர்ந்துவிடுகிறது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைட்டெட் ஸ்பிரிட்ஸ் கம்பெனி 2007-ம் ஆண்டு கிளாஸ்கோவின் "வைட் அண்ட் மக்காய்" விஸ்கிக் கம்பெனியை 59.5 கோடி பவுனுக்கு வாங்கியது. 2014-ம் ஆண்டு 43 கோடி பவுனுக்குப் பிலிப்பைன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டது.

2024-ம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கியை அதிக பாட்டில் வாங்கிய நாடு இந்தியா, 19.2 கோடி பாட்டில்! 2025 ஜூலையில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட வாணிப ஒப்பந்தப்படி, 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைய வேண்டும். கிளாஸ்கோ கோப்பை நம் ஊர்ப் பார்களுக்கு இன்னும் மலிவாக வந்து சேரும். அந்த ஊர் தன் கோப்பையைக் குறைக்க என்ன பாடுபடுகிறது என்ற செய்தியும் கூடவே வந்து சேர்ந்தால் நல்லது.

வேறு வழி உண்டா?

கோப்பையை நம்பாமல் பாட்டு வாழ வழி உண்டா? கிளாஸ்கோவில் சிலர் முயன்று பார்க்கிறார்கள். "மோனோ" என்ற இடத்தில் பால், முட்டைகூடச் சேர்க்காத சைவச் சாப்பாடு கிடைக்கும். அதே கூடத்தில் "மோனோரெயில்" என்ற இசைத்தட்டுக் கடையும் உண்டு. அதை நடத்துகிறவர்களில் ஒருவர் "பேஸ்டல்ஸ்" என்ற பழைய இண்டீக் குழுவின் பாடகர். அங்கும் பார் இருக்கிறது. ஆனாலும் சாப்பிட வந்தவன் தட்டு வாங்குகிறான். தட்டு வாங்க வந்தவன் கச்சேரி கேட்டுவிட்டுப் போகிறான்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. கிளாஸ்கோவில் 2013-ம் ஆண்டு திறந்த ஹைட்ரோ அரங்கில் பதினாலாயிரம் பேர் வரை அமர்ந்து பெரிய நட்சத்திரங்களைக் கேட்கிறார்கள். அந்த நட்சத்திரங்களில் பலர் முந்நூறு பேர் மாடியில் தொடங்கியவர்கள். ஆகவே பெரிய அரங்க டிக்கெட் ஒன்றுக்குச் சிறு தொகை எடுத்துச் சின்ன அரங்குகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று சிபாரிசு செய்தது. டிக்கெட்டுக்கு ஒரு பவுன் என்பது கலைஞர்கள் தரப்புக் கோரிக்கை. அரசும், கம்பெனிகள் தாமாகவே முன்வந்து கொடுக்கலாம் என்று கூறியிருக்கிறது.

நம் ஊரில் கோயில் திருவிழா என்றால் கமிட்டி கொடுக்கிறது, கல்யாணம் என்றால் பெண் வீட்டார் கொடுக்கிறார்கள். மெல்லிசைக் குழுக்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறது. கிளாஸ்கோ பாடகனுக்குக் கோயிலும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. அவனுக்கு இதுவரை கூலி கொடுத்தது கோப்பை. குடிக்காத இளைஞர் பெருகுவதை அந்த ஊர் டாக்டர்கள் வரவேற்கிறார்கள். அரங்கம் நடத்துகிறவர்கள் கவலையோடு கல்லாவைப் பார்க்கிறார்கள். பாட்டு கேட்டவன் பாட்டுக்கே காசு கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. அதற்கு ஒரு பவுன் பெரிய விலை அல்ல.